காவல் அருங்காட்சியகத்துக்கு நிரந்தர இடம் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகம் அருங்காட்சியகமாகத் திறந்ததிலிருந்து, காவல்துறை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் இடங்களில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தங்கள் ஊரிலும் ஒன்று தொடங்க நினைக்கும் ஓய்வுபெற்ற காவலர்கள், வீட்டில் தாத்தாவின் மெடலை வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள், கட்டடக்கலை மாணவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்து, வெளியூர் அனுபவங்களையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

போலீசுக்கு எதுக்குங்க மியூசியம்? அவங்ககிட்ட ரெக்கார்டெல்லாம் இருக்குமே?

இருக்கும், ஆனால் நிலைக்காது. காவல் நிலையம் நாள்தோறும் வேலை நடக்கும் இடம். புதிய அலமாரி வந்தால் பழைய பதிவேடு மாடிப்படிக்குக் கீழே போகும். சீருடை மாறினால் பழைய பெல்ட்டும் தொப்பியும் கழிவுப் பட்டியலில் ஏறும். வேண்டுமென்று யாரும் அழிப்பதில்லை. பாதுகாப்பது யாருடைய பொறுப்பும் இல்லை என்பதால் அழிகிறது.

இதில் தொலைவது காவல்துறையின் சொத்து மட்டும் அல்ல. 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம், 1895-இல் இங்கே அமைந்த கைரேகைப் பிரிவு, 1973-இல் தமிழகக் காவல்துறைக்குள் பெண்கள் வந்தது, 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது எல்லாம் இந்த ஊரின் சமூக வரலாறு. அவற்றைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த முதல் தலைமுறைப் பெண் காவலர் உடுத்திய சீருடையை நேரில் பார்ப்பது வேறு.

நிரந்தர இடம்னா சொந்தக் கட்டடமா? வாடகைக்கு இருந்தா நிரந்தரம் ஆகாதா?

எழும்பூர்க் கட்டடத்தின் கதையே இதற்குப் பதில் சொல்லும். அது அருணகிரி முதலியாரின் வீடு. 1842-இல் மாதம் 165 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை அதில் குடியேறியது. 1856-இல், சென்னைக்குக் கமிஷனர் பதவி ஏற்பட்ட காலத்தில், 21,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை ஏறவே இல்லை என்று வைத்தாலும் 14 ஆண்டில் 27,720 ரூபாய் போயிருக்கும். கட்டடத்தின் விலையைவிட வாடகை அதிகம்.

அன்று விலைக்கு வாங்கியதால்தான் 2013-இல் கமிஷனர் அலுவலகம் வேப்பேரிக்கு மாறிய பிறகும் கட்டடம் அரசின் கையில் நின்றது. பழுதுபார்த்து, 2021 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் காவல்துறையின் முகவரியாக இருந்த வீடு அதே துறையின் வரலாற்றுக்கு வீடாகியிருக்கிறது. இப்படி அமைவது அபூர்வம்.

ஆனாலும் சொந்தப் பத்திரம் ஒன்று மட்டும் நிரந்தரம் தராது. இடத்தின் மேல் உரிமை, ஆண்டுதோறும் வரும் செலவுக்குப் பணம், பொருள்களின் முழுப் பதிவேடு ஆகிய மூன்றும் இருந்தால் வாடகைக் கட்டடத்திலும் ஓர் அருங்காட்சியகம் பல பத்தாண்டு தாங்கும். மூன்றும் இல்லாவிட்டால் சொந்தக் கட்டடத்திலும் பூட்டுத்தான் தொங்கும்.

பழைய போலீஸ் ஸ்டேஷன் பில்டிங்கே கிடைச்சா அதுதானே பொருத்தம்?

பெரும்பாலும் ஆமாம். கட்டடமே முதல் காட்சிப்பொருளாகிவிடும். கனடாவின் வான்கூவர் நகரில் 1932-இல் கட்டிய மரண விசாரணை நீதிமன்றமும் நகரப் பிணவறையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. 1980-இல் அவை மாறிப்போயின. 1986-இல் அங்கேயே காவல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். பிரேதப் பரிசோதனை மேசைகளை இடத்தைவிட்டு நகர்த்தவில்லை. 1959-இல் அந்த ஊரில் இறந்த ஹாலிவுட் நடிகர் எரால் ஃபிளினின் உடலைப் பரிசோதித்த இடம் அதுதான். புதிதாக எத்தனை கோடி செலவழித்துக் கட்டினாலும் இந்த அனுபவத்தைக் கொடுக்க முடியாது. கோயம்புத்தூரிலும் 1918-இல் எழுந்த ஹாமில்டன் மன்றக் கட்டடத்தைச் சீரமைத்துத்தான் காவல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

கட்டடத்தை ஏற்கும் முன் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் பார்த்தால் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, மேல்தளத்துத் தேக்கு உத்திரங்களில் கரையான் மண் ஏறியிருக்கிறதா, சுண்ணாம்புச் சுவரின் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும்.

நியூயார்க் போலீஸ் மியூசியத்துக்கு 2005-ல போயிருக்கேன். இப்ப மூடிட்டதா சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். இடம் தேடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. அந்தச் சேகரிப்பு முதலில் காவல் பயிற்சிக் கழகத்துக்குள் இருந்தது. பிறகு பிராட்வேயில் 25-ஆம் எண் கட்டடத்துக்கு வந்தது. 2002-இல் ஓல்ட் ஸ்லிப் தெருவில் 100-ஆம் எண்ணுக்கு மாறியது. அது 1911 வாக்கில் கட்டி முடித்த, அரண்மனை போன்ற கல் கட்டடம். முதலாம் சரகக் காவல் நிலையமாக இருந்தது, நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. முந்தைய பதிலில் சொன்ன பொருத்தம் முழுக்க அமைந்த இடம்.

ஆனால் கிழக்கு ஆற்றங்கரை சில அடி தூரத்தில். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் மன்ஹாட்டனின் தென்முனையில் கடல் ஏறத்தாழ 14 அடி உயர்ந்தது. தண்ணீர் கட்டடத்தின் கீழ்ப்பகுதிக்குள் புகுந்தது. மின்சாரமும் இயந்திர வசதிகளும் இருக்கும் இடம் நனைந்தால் மேல்மாடி உலர்ந்திருந்தும் பயன் இல்லை. அருங்காட்சியகம் வால் ஸ்ட்ரீட்டில் 45-ஆம் எண்ணில் தற்காலிகமாக இயங்கிப் பார்த்தது. 2014-இல் அதுவும் மூடியது. நாட்டிலேயே பெரிய நகரக் காவல்துறையின் வரலாற்றுக்கு வீடில்லாமல் போயிற்று.

2015-ஐயும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கும் கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தில் உள்ள பெட்டிக்கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார். அந்தக் கோட்டுக்குக் கீழே பதிவேடு, மின்பலகை, ஜெனரேட்டர் எதுவும் வரக்கூடாது.

அப்போ பழசே வேணாம். காசு இருந்தா புதுசா கட்டிடலாமே?

வாஷிங்டனில் அப்படிச் செய்தார்கள். பணியில் உயிர்நீத்த காவலர்களுக்கான நினைவிடம் ஜுடிஷியரி ஸ்கொயரில் 1991 முதல் இருக்கிறது. அதன் எதிரே தேசியச் சட்ட அமலாக்க அருங்காட்சியகம் கட்ட 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இடம் கிடைத்தது, கட்டும் செலவு நினைவிட நிதியத்தின் தலையில். சுற்றிலும் பழைய நீதிமன்றக் கட்டடங்கள் இருப்பதால் அவற்றை மறைக்காமல் பெரும்பகுதியை நிலத்துக்கு அடியில் கட்ட வேண்டியிருந்தது. மேலே கண்ணாடி முகப்புகள் மட்டும் தெரியும். 2010-இல் பூமி பூஜை போட்டும் திறப்பு விழா 2018 அக்டோபரில்தான். சட்டத்திலிருந்து கதவு திறக்க 18 ஆண்டுகள்.

அதற்குப் பிறகுதான் சோதனையே. சுமார் 10 கோடி டாலரைக் கடன் பத்திரங்களில் திரட்டியிருந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பின்னால் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. கடன் கொடுத்தவர்களோடு மறுபடி பேசி முடிக்க வேண்டிய நிலை. நுழைவுக் கட்டணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். டிக்கெட் பணம் விளக்குக்கும் துப்புரவுக்கும் ஆகும். கட்டடக் கடனை அடைக்க ஆகாது.

ஒரு பில்டர் புராஜெக்ட்ல இடம் ஒதுக்கித் தர்றேங்கறார். வாங்கலாமா?

வாங்கலாம், அது அவருடைய கருணையாக இல்லாமல் அனுமதியின் நிபந்தனையாக இருந்தால். லண்டனின் போ ஸ்ட்ரீட் நல்ல முன்மாதிரி. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் முதல் முறைப்படியான துப்புத்துலக்கும் குழு உருவான தெரு அது. அங்கிருந்த நீதிமன்றம் 2006-இல் மூடப்பட்டுக் கட்டடம் ஹோட்டலாக மாறியது. மாற்றும்போதே ஒரு பகுதியில் அருங்காட்சியகம் வரவேண்டும் என்று திட்ட அனுமதியில் சேர்த்தார்கள். பழைய சிறையறைகளுக்குள் 2021-இல் போ ஸ்ட்ரீட் காவல் அருங்காட்சியகம் திறந்தது. ஹோட்டல் கைமாறினாலும் நிபந்தனை கட்டடத்தோடு போகும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த பங்குதாரர் வந்ததும் அந்த இடம் பார்க்கிங் ஆகிவிடும்.

கமிஷனர் ஆபீஸ்லயே ஒரு ரூம் போதாதா? பாதுகாப்பாவும் இருக்குமே?

பாதுகாப்பு உண்டு, பார்வையாளர் இருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்து யார்டின் குற்ற அருங்காட்சியகம் 1870-களில் கைதிகளின் உடைமைகளை வைத்திருந்த கிடங்கிலிருந்து வளர்ந்தது. தலைமையகம் எங்கெங்கே மாறியதோ அங்கெல்லாம் கூடவே போனது. அது காவலர் பயிற்சிக்கானது, பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. 2015-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் அதன் ஒரு பகுதியைச் சில மாதம் காட்சிக்கு வைத்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வாசலில் பை சோதனையும் அடையாள அட்டையும் தாண்டி வரவேண்டிய இடத்தை அருங்காட்சியகம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. காவல் நிலையத்துக்குள் நுழையவே தயங்கும் மக்கள் நிறைந்த நாடு இது. தெருவிலிருந்து நேரே நுழையும் தனி வாசல் வேண்டும்.

ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்குப் போடணும்? 11 மாசம்னு போட்டுப் புதுப்பிச்சுக்கலாம்னு சொல்றாங்க.

கூடவே கூடாது. 11 மாத ஒப்பந்தம் வீட்டு வாடகைக்கு வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்க அப்படிப் போடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு நீண்டகாலக் குத்தகை, என் கணக்கில் 30 ஆண்டு, முறையாகப் பதிவு செய்து வாங்குங்கள். எடுத்துவைத்த பொருளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏதாவது உடையும், ஏதாவது காணாமல் போகும்.

பத்திரத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். கூரையும் அடித்தளமும் பழுதானால் யார் செலவு, குத்தகை முடிந்ததும் புதுப்பிக்கும் முதல் உரிமை யாருக்கு, காலி செய்யச் சொன்னால் எவ்வளவு அவகாசம், பொருள்களுக்குக் காப்பீடு யார் எடுப்பது. அவகாசம் ஓராண்டுக்குக் குறையாமல் கேளுங்கள். அரசுக் கட்டடம் என்றால் அதிகாரி வாய்மொழியாகச் சொன்னது போதாது, அரசாணை எண் வேண்டும். நல்ல மனசுள்ள அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிப் போவார்.

எவ்வளவு சதுர அடி இருந்தா போதும்?

எண் சொல்வது கடினம். ஒன்று மட்டும் உறுதி. காட்சிக்கூடத்தை மட்டும் கணக்கிட்டு இடம் பார்ப்பவர்கள் பிறகு தவிப்பார்கள். எந்த அருங்காட்சியகத்திலும் வெளியே வைத்திருப்பதைவிட உள்ளே அடுக்கியிருப்பதே அதிகம். சேமிப்பறை, பொருளைத் துடைத்துப் பதிவு செய்ய ஒரு மேசை, ஆராய்ச்சி செய்பவர் உட்கார்ந்து படிக்க ஓரிடம், கழிப்பறை, சாய்தளம் எல்லாம் வேண்டும். பழைய கட்டடத்தின் மாடியில் பதிவேட்டு அலமாரிகளையும் இரும்புப் பெட்டகங்களையும் ஏற்றும் முன் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். காகிதத்தின் எடை நினைப்பதைவிட மிக அதிகம்.

சென்னை மாதிரி ஊர்ல யூனிஃபார்ம், பெல்ட்டு, ரிஜிஸ்டரெல்லாம் எப்படித் தாங்கும்?

துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கடற்கரை ஊரில் அது பெரும்பாலான நாள்கள் 70-ஐத் தாண்டும். பகலில் குளிர்சாதனம் ஓடி மாலையில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏறி இறங்கும் ஈரப்பதம்தான் தோலை வெடிக்க வைக்கிறது. முழுக் கட்டடத்துக்கும் செலவழிக்க முடியாவிட்டால் சேமிப்பறை ஒன்றிலாவது ஈரமகற்றும் இயந்திரத்தை நாள் முழுக்க ஓட விடுங்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ஒரு பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். பித்தளை பக்கிள் தோலைத் தொடும் இடத்தில் மெழுகு போலப் பச்சையாக ஒன்று பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். தோலில் இருக்கும் எண்ணெயும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாவது அது. பார்த்தவுடன் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்க்காதீர்கள், புளியின் அமிலம் தோலைக் கெடுக்கும், பக்கிளில் பொறித்த எண்ணின் விளிம்பும் மழுங்கும். மரக்குச்சி முனையில் பஞ்சு சுற்றிப் பச்சையை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் செருகுங்கள். எண் பொறித்த பக்கிளை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கைவியர்வையின் உப்பு அடுத்த மழைக்காலத்துக்குள் விரல் ரேகையைப் பித்தளையில் பதித்துவிடும்.

பதிவேடுகளுக்கு செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய மசியே இரும்புச் சத்தால் காகிதத்தை அரித்துக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. காக்கிச் சட்டையை ஜன்னல் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

ஸ்டேஷன்ல கிடக்கிற பழைய துப்பாக்கி, பறிமுதல் சாமான் எல்லாத்தையும் கொண்டுவந்து வச்சிடலாமா?

முடியாது. வழக்குச் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ளது. விசாரணை முடிந்தாலும் அதை என்ன செய்வது என்று நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 498 பிரிவுகளைப் பாருங்கள். மேல்முறையீடு முடிந்ததா என்று உறுதிசெய்யாமல் எதையும் கேட்காதீர்கள். துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. வெடிபொருளாக இருந்ததை அதற்கான பிரிவினர் பாதுகாப்பானது என்று எழுத்தில் தராமல் வாசலுக்குள் விடக்கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட வாளும் பீரங்கியும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்.

எங்க தாத்தா ஏட்டா இருந்தார். அவர் மெடலையும் டைரியையும் கொடுத்தா, நாளைக்கு மியூசியத்தை மூடினா அது என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு என் மரியாதை. கொடுக்கும்போது இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, நன்கொடையா இரவலா என்று தெளிவாகச் சொல்லும் கடிதம். இன்னொன்று, சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பொருளுக்குக் கொடுத்த எண். அந்த எண் இல்லாத பொருள் அங்கே இருப்பதாக நாளைக்கு நிரூபிக்க வழியில்லை. மூடினால் பொருள் யாருக்குப் போகும் என்பதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்துக்கு நான் என் வீட்டுப் பொருளைக் கொடுக்க மாட்டேன்.

கொடுக்கும் முன் தாத்தாவைப் பற்றித் தெரிந்ததை ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். எந்த ஸ்டேஷன், எந்த ஆண்டுகள், டைரியில் அவர் சுருக்கமாக எழுதிய குறிகளுக்கு என்ன பொருள். குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது.

லாக்கப் டெத், துப்பாக்கிச் சூடு இதெல்லாம் காட்டுவீங்களா, இல்ல மெடல் மட்டும்தானா?

காட்ட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சென்னை மாகாணத்தின் நவீனக் காவல்துறையே ஒரு சித்திரவதை விசாரணையின் பின்விளைவு. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களைத் துன்புறுத்துவதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தது. வருவாய் வேலையும் காவல் வேலையும் ஒரே கையில் இருந்ததன் கேடு அதில் வெளிப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே 1859-இல் 24-ஆம் சட்டம் வந்து, தனிக் காவல்துறை அமைந்தது. இதை விட்டுவிட்டுத் தோற்ற வரலாறு எழுதவே முடியாது.

1859-ஐக் காட்டினால் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிமுறைகளையும், 2020 சாத்தான்குளத்தையும் காட்டியாக வேண்டும். பணியில் உயிர்விட்ட காவலரின் பெயர்ப் பலகைக்கு மதிப்புக் குறையும் என்று சிலர் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை, கஷ்டமான பகுதியை மறைக்காத இடத்தில்தான் பார்வையாளர் அந்தப் பெயர்ப் பலகை முன்னால் நின்று முழுக்கப் படிக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவங்க குடும்பம் இன்னும் இருக்குமே. பழைய கேஸ் படத்தையெல்லாம் வைக்கிறது சரியா?

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. சட்டம் தடுக்காத இடத்திலும் உடலின் படத்தை வைக்காதீர்கள். புலனாய்வு எப்படி நடந்தது என்பதை வரைபடம், கருவி, ஆய்வக அறிக்கை கொண்டு விளக்கலாம். குடும்பத்தைத் தேடிப் பேசுவது நல்லது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அரசாங்கமே நடத்துனா நல்லதா, டிரஸ்ட்டா?

அரசு என்றால் இடமும் சம்பளமும் நிலைக்கும், காப்பாளர் பணியிடம்தான் காலியாகவே கிடக்கும். அறக்கட்டளை என்றால் ஆர்வம் இருக்கும், பணம் வறளும். கட்டடம் அரசிடம், சேகரிப்பும் அன்றாட நடத்தையும் பதிவுபெற்ற சங்கத்திடம், இரண்டுக்கும் நடுவே எழுத்தில் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழு முழுக்க ஓய்வுபெற்ற அதிகாரிகளாக இருக்க வேண்டாம். ஒரு வரலாற்றாசிரியர், ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஒரு கான்ஸ்டபிள் அவசியம். படிநிலையின் அடியில் நின்றவரின் கதைதான் எப்போதும் விடுபடுகிறது.

எங்களுக்கு இன்னும் இடமே கிடைக்கல. அதுவரைக்கும் என்ன பண்றது?

பதிவேட்டைத் தொடங்குங்கள். ஒரு நோட்டு, வரிசை எண், பொருளின் பெயர், அளவு, யார் கொடுத்தது, எந்த நாள், எந்த நிலையில், ஒரு புகைப்படம். இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில். இடம் கேட்டு ஆட்சியரிடமோ ஆணையரிடமோ போகும்போது வெறும் ஆசையைச் சொல்வதற்கும், நானூறு பொருள் இருக்கிறது, இதோ பட்டியல் என்று மேசைமேல் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்து, ஓய்வுபெற்றவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். கைபேசி போதும். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். அதோடு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உங்கள் மாவட்டத்தின் பழைய கோப்புகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊர்க் காவல் நிலையம் எந்த ஆண்டு, எந்த ஆணையில் வந்தது என்பது தெரிந்தால், அந்தக் கட்டடம் காலியாகும் நாளில் அதைக் கேட்டு மனுக் கொடுக்கும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.